பதினேழாம் கட்டம்

காரியம் முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, கிள்ளானுக்கு வெளியே இருக்கும் வாயுப் பிரிப்பு மேன்மை மையத்தின் வரவேற்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு கடிதம், சட்டைப் பையில் அதன் நகல். பொருள்: குழாய் பூசும் செயல்முறையில் விடுபட்ட ஒரு படியைச் சேர்க்கக் கோருதல்.

கோரிக்கை என்னுடையதல்ல, என் மனைவி சந்திரகலாவுடையது. அந்த மையத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டு உதவியாளராக இருந்தவள். மருத்துவமனையில் கடைசி வாரம் அவள் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பற்றியும் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே ஒன்றைத்தான் கேட்டாள்.

"அந்த டின் விஷயத்த அவங்க பேப்பர்ல ஏத்தச் சொல்லுங்க. இல்லாட்டி நான் போனதும் குழாய் எல்லாம் வெடிச்சிடும். நீங்கதான் நல்லா லெட்டர் எழுதுவீங்களே."

சரி என்றேன். அவள் சொன்னது உண்மைதான். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகு, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் பற்றி மட்டும் அறுபத்தொரு கடிதம் எழுதியிருக்கிறேன். அறுபத்தொன்றுக்கும் பதில் வந்தது. லிஃப்ட் ஓடவில்லை. ஆனால் கோப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

மையத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே பல வாயுக்கள் ஒன்றாகக் கலந்து வெளியேறுகின்றன. அந்தக் கலவையிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் பிரித்தெடுக்க அவர்களுக்குப் பீங்கான் குழாய்கள் வேண்டும். ஒரு சாண் நீளம், பார்க்கச் சாக்பீஸ் மாதிரி இருக்கும், சுவரெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். ஓட்டை பெரிதாக இருந்தால் எல்லா வாயுவும் சுவரைத் தாண்டிப் போய்விடும். ஆகவே குழாயை ஒரு கரைசலில் முக்கி எடுத்து, மெல்லிய படலமாகப் படியவைத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, ஓட்டையைச் சிறிதாக்குகிறார்கள். "ரவை சலிக்கிற சல்லடையில மாவு நிக்குமா? அதான் சல்லடைய மாத்துறோம்" என்பாள் சந்திரகலா.

சிக்கல் காயவைப்பதில் இருந்தது. ஆய்வுக்கூடத்தின் ஏர்கான் காற்றில் படலம் சீக்கிரம் காய்ந்து, வெயிலில் சேறு வெடிப்பதுபோல வெடித்தது. பத்துக் குழாயில் ஒன்பது குப்பைக்குப் போனது. இரண்டு ஆண்டு என்னென்னவோ செய்து பார்த்த பிறகு, தீபாவளிக்கு வாங்கிய பெரிய சதுர பிஸ்கட் டின் ஒன்றை அவள் வீட்டிலிருந்து எடுத்துப்போனாள். அடியில் ஓர் ஈரத் துணி. அதன்மேல் கம்பி வலை. வலைமேல் முக்கியெடுத்த குழாய்கள். பிறகு மூடி. உள்ளே காற்று ஈரமாக நின்றது, படலம் நிதானமாகக் காய்ந்தது. பன்னிரண்டு குழாயில் பதினொன்று வெடிக்கவில்லை. அந்தத் துணி என் பழைய காக்கிச் சட்டையின் முதுகுப் பக்கம். சட்டையைக் காணோம் என்று நான் ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அதற்காக மையத்துக்கு ஒரு விருது கிடைத்தது. வெடிப்பு நின்றதற்குத் தலைமைத்துவமே காரணம் என்று இயக்குநர் ஏற்புரையில் சொன்னார். டின்னைப் பற்றி அவர் சொல்ல வழியில்லை. எழுதி வைத்த செயல்முறையில் டின் கிடையாது. அந்த இடத்தில் "காயவைக்கவும்" என்ற ஒரு சொல்தான் இருந்தது.

இதையெல்லாம் அவள் சாப்பாட்டு மேசையில் சொல்வாள். நான் எதிர் நாற்காலியில் லிஃப்ட் கடிதம் எழுதிக்கொண்டே கேட்பேன்.

அன்று காலை என்னைச் சந்தித்தவர் செயல்முறை ஆவணப் பிரிவின் தலைவி திருமதி சிவமலர். மரியாதையானவர். என் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, பிரிக்காமலே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"லெட்டர் எல்லாம் நாங்க எடுக்க மாட்டோம், அங்கிள். பாரம் இருக்கு."

பாரம் என்று அவர் சொன்னது படிவத்தை. அந்தச் செயல்முறை மாற்ற விண்ணப்பப் படிவத்தில் பதினேழு கட்டங்கள் இருந்தன. படிவத்தை மேலிருந்து கீழாகப் படிப்பது அவர்கள் வழக்கம். முதல் குறை எந்தக் கட்டத்தில் தென்படுகிறதோ அங்கேயே படிப்பதை நிறுத்தி, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். இதனால் ஊழியர்களுக்கு நிறைய நேரம் மிச்சமாகிறது என்று சிவமலர் விளக்கினார். எனக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. பார்சல் அலுவலகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்.

வரவேற்புக் கூடத்திலேயே உட்கார்ந்து பதினேழு கட்டங்களையும் நிரப்பினேன். கடைசிக் கட்டம் "முக்கிய அளவுகள்". அதில் "ஈரத் துணி" என்று எழுதி, கீழே கோடிட்டேன்.

படிவம் இரண்டாம் கட்டத்தில் நின்றது. விண்ணப்பதாரர் பணியில் இருக்கும் ஊழியராக இருக்க வேண்டும். என் மனைவியின் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்த சிவமலர், அவர் ஜூன் வரை மருத்துவ விடுப்பில் இருப்பதாகவும், விடுப்பில் இருப்பவர் விண்ணப்பிக்க முடியாது என்றும் சொன்னார். அவள் இறந்துவிட்டதை நான் சொன்னேன். அவர் மிகவும் வருந்தினார். வருந்திவிட்டு, கணினியில் அப்படி இல்லையே என்றார்.

இறப்புச் சான்றிதழின் நகலை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பினேன். அது பரிசீலனையில் இருந்தபோது சந்திரகலாவின் பெயருக்கு வீட்டுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. "மேன்மைப் பண்பாடு" என்ற கட்டாய இணையப் பயிற்சியை அவள் மூன்று முறை தவறவிட்டிருந்தாள். விளக்கம் கேட்டு ஏழு நாள் அவகாசம் தந்திருந்தார்கள். நான் ஐந்தாம் நாளே விளக்கம் எழுதினேன். பதில் வந்தது: "தாங்கள் கூறிய காரணம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. எதிர்காலத்தில் இவ்வாறு நேராமல் பார்த்துக்கொள்ளவும்."

அந்தக் கடிதத்தை அவள் புகைப்படத்துக்குக் கீழே இருக்கும் இழுப்பறையில் வைத்தேன். அவளுக்கு வந்த கடிதம், அவளிடம்தானே இருக்க வேண்டும்.

இரண்டாம் கட்டத்தைத் தாண்ட உதவியவன் விமலன். சூளைப் பிரிவில் ஒப்பந்தத் தொழில்நுட்பர். முப்பது வயது இருக்கும். சந்திரகலா கொண்டுபோகும் இட்லியில் பாதி அவனுக்குத்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விண்ணப்பதாரராக அவன் கையெழுத்துப் போட்டான், தொடர்பாளராக நான்.

"ஆன்டி டின்ன மூடி வச்சுட்டு எனக்கு மெசேஜ் போடுவாங்க, அங்கிள். 'பிள்ளைங்க தூங்குது, சத்தம் போடாதே'ன்னு. மறுநாள் நான் எடுத்துச் சூளையில வைப்பேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இப்ப அந்த டின்ன யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. வெறும் டேபிள் மேல காய வைக்கிறோம். தினமும் வெடிக்குது."

படிவம் ஐந்தாம் கட்டத்தில் நின்றது. செயல்முறையில் குறிப்பிடப்படும் ஒவ்வொரு கருவிக்கும் சொத்து எண் வேண்டும். சொத்து எண் வாங்க அது வாங்கப்பட்ட ரசீது வேண்டும். நான் எதையும் வீசுகிறவன் அல்ல. ரசீதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அதில் "பிஸ்கட், 1" என்று இருந்தது. உணவுப் பொருளுக்குச் சொத்து எண் தர விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. பிஸ்கட்டைச் சாப்பிட்டாகிவிட்டது, நாங்கள் கேட்பது டின்னுக்கு என்று எழுதினேன். அப்படியானால் டின்னுக்குத் தனி ரசீது எங்கே என்று கேட்டார்கள்.

என் மூன்றாவது நினைவூட்டலுக்குப் பிறகு டின்னை நேரில் ஆராய மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழு இரண்டு முறை கூடியது. அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. "டின் திறந்து பார்க்கப்பட்டது. பிஸ்கட் இல்லை. எறும்பு இல்லை. ஒரு துணி உள்ளது, அதன் பதவி தெளிவாக இல்லை." பரிந்துரை: டின்னுக்குப் பதிலாக, முறையாக ஓர் உலர்த்தும் அறையை வாங்கலாம்.

வாங்கினார்கள். அலமாரி உயரத்தில் எஃகுப் பெட்டி, கதவில் கண்ணாடி, உள்ளே இரண்டு மின்விசிறி. மின்விசிறி எதற்கு என்று விமலன் கேட்டிருக்கிறான். அவள் டின்னின் நோக்கமே குழாயைச் சீக்கிரம் காயவிடாமல் வைப்பதுதான். விசிறி இல்லாவிட்டால் அதை உலர்த்தும் அறை என்று கொள்முதல் விதி ஏற்காது என்று அவனுக்குப் பதில் சொன்னார்கள்.

திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்தார்கள். மறைந்த ஊழியரின் குடும்பம் என்ற வகையில் மூன்றாவது வரிசையில் நாற்காலி. மையத்தின் இயக்குநர், டத்தோ பட்டம் பெற்ற டாக்டர் முத்துக்குமாரு, ரிப்பன் வெட்டினார். அவர் பேச்சை நான் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டேன், ஆகவே வார்த்தை மாறாமல் தர முடியும்.

"நம் மையத்துக்கு வெளியிலிருந்து ஒரு டின் வந்தது. அது வேலை செய்தது என்று சிலர் சொல்கிறார்கள். செய்திருக்கலாம். ஆனால் வேலை செய்வது வேறு, நடைமுறைப்படி வேலை செய்வது வேறு. நடைமுறைப்படி நடந்து ஒன்று தோற்றால் நான் யாருக்கு வேண்டுமானாலும் பதில் சொல்லுவேன். நடைமுறைக்கு வெளியே ஒன்று வெற்றி பெற்றால் நான் என்ன பதில் சொல்ல முடியும்?"

கைதட்டினார்கள். பழக்கத்தில் நானும் தட்டினேன். பிறகுதான் எதற்குத் தட்டினேன் என்று தெரிந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

உலர்த்தும் அறையில் வைத்த முதல் இருபது குழாயும் வெடித்தன. மேசைமேல் வைத்தபோதாவது பத்துக்கு ஒன்று தேறியது.

நான் விடவில்லை. அவளுக்குக் கொடுத்த வார்த்தை இருக்கிறது. கருவி என்ற கட்டத்தில் "டின்" என்பதை அடித்துவிட்டு "மூடியுள்ள உலோகக் கொள்கலன்" என்று எழுதிப் புதுப் படிவம் போட்டேன். கொள்கலனுக்குச் சொத்து எண் தேவையில்லை என்று பின்னிணைப்பில் ஒரு விதி இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. கண்டுபிடித்த அன்று கிள்ளானிலிருந்து வரும் கொம்யூட்டர் ரயிலில் எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நிலையம் தாண்டும் வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிவம் பதினோராம் கட்டத்தில் நின்றது. சோதனைக் குறிப்புகள் இணைக்கப்பட வேண்டும். அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு நாளும் என்ன செய்தாள், துணி எப்படி, வலை எவ்வளவு உயரம், எத்தனை வெடித்தது எல்லாம் அதில் எழுதியிருந்தாள். நீல அட்டை, மூலையில் ஒரு பிள்ளையார் படம். அதை ஆய்வுக்கூட மேசையில் விட்டுத்தான் அவள் மருத்துவமனைக்குப் போனாள். ஏப்ரலில் தரத் தணிக்கை வந்தபோது, கட்டுப்பாட்டு எண் இல்லாத ஆவணம் என்று சொல்லி அதை அரைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டார்கள். இதைச் சிவமலர் என்னிடம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் கவலைப்பட வேண்டாம், அழித்ததற்கு முறையான சான்றிதழ் இருக்கிறது என்றார். சான்றிதழில் பக்கங்களின் எண்ணிக்கைகூட இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

அந்தச் சான்றிதழையே இணைத்தேன். ஒரு புத்தகம் அழிக்கப்பட்டதற்குச் சான்று இருந்தால், அது இருந்ததற்கும் அதுவே சான்று என்று ஒரு விளக்கக் குறிப்பு எழுதினேன். வாதம் ஏற்கப்பட்டது. பதினோராம் கட்டத்தில் முத்திரை விழுந்தது. அதோடு காலாண்டு முடிந்துவிட்டதால் படிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கிடையில் தொழிற்சாலை குழாய் எங்கே என்று கேட்டு அழுத்தியது. நாற்பது குழாய் தர ஒப்புக்கொண்டிருந்தார்கள். தரக் குழு கூடியது. குழாயைச் சோப்புத் தண்ணீரில் வைத்து உள்ளே காற்றை ஊதினால், வெடிப்பு உள்ள இடத்தில் குமிழி வரும். குமிழி வந்தால் குழாய் தோல்வி. ஆகவே குமிழி வராமல் இருக்க வழி என்ன என்று யோசித்தார்கள். உறுப்பினர் ஒருவர், கழிவறைத் தொட்டிக்குப் பூசும் பளபளப்புப் பூச்சில் என்றைக்காவது கசிவு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். யாரும் பார்த்ததில்லை. வெடித்த குழாய்களுக்கெல்லாம் அதைப் பூசிச் சுட்டார்கள்.

விமலன் தொலைபேசியில் அழைத்தான்.

"பப்பிள் டெஸ்ட் எல்லாம் பாஸ், அங்கிள். நாப்பதும் பாஸ். ஹைட்ரஜனும் போகாது, மத்ததும் போகாது. இப்ப அது குழாய் சுவரு இல்ல, டாய்லட் சுவரு லா."

மையம் "பூஜ்யக் கசிவு" விழா எடுத்தது. டத்தோ பேசினார். இதையும் சுருக்கெழுத்தில் எடுத்தேன்.

"இதுவரை நம் குழாய்களில் எது போகிறது, எது போகவில்லை என்று வெளியில் கேள்வி கேட்டார்கள். இனி கேட்கத் தேவையில்லை. எதுவுமே போகாத இடத்தில், தவறான ஒன்று போய்விட்டது என்று யாரும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது. பதினான்கு ஆண்டுகளாக இந்த மையத்தை நான் நடத்திவரும் கொள்கையும் இதுதான்."

அன்றே மேன்மைக் காட்சியகம் என்ற புது அறையையும் திறந்தார்கள். கண்ணாடிப் பேழைகளில் பழைய தராசு, பழைய தொலைபேசி, முன்னாள் இயக்குநர்களின் பேனாக்கள். கடைசிப் பேழையில் எங்கள் வீட்டு டின் இருந்தது. நன்றாகத் துடைத்து, மெழுகு போட்டுப் பளபளப்பாக்கியிருந்தார்கள். முன்னால் சிறு பித்தளைத் தகடு: "பிஸ்கட் டின். ஊழியர் நலன். சிற்றுண்டி வைக்கப் பயன்பட்டது." அதன் கீழே சொத்து எண்.

சொத்து எண் கிடைத்துவிட்டதே, இனிச் செயல்முறையில் சேர்க்கலாமே என்று பக்கத்தில் நின்ற சிவமலரிடம் கேட்டேன். காட்சிப் பொருளைப் பேழையை விட்டு எடுக்கக்கூடாது என்று அவர் சொன்னார். உள்ளே இருந்த துணி எங்கே என்று கேட்டேன். காட்சியகப் பொறுப்பாளரை விசாரித்துவிட்டு வந்தார்.

"ஏதோ கந்தல் துணி இருந்துச்சாம், அங்கிள். க்ளீனர் வீசிட்டாங்களாம். முக்கியமானதா?"

சட்டைத் துணி என்றேன்.

நவம்பர் இறுதியில் தொழிற்சாலை நாற்பது குழாயையும் திருப்பி அனுப்பியது. கூடவே ஒரு கடிதம். சுருக்கமான, நல்ல கடிதம். எந்த வாயுவும் சுவரைத் தாண்டவில்லை. டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் வேலை செய்யும் குழாய் எட்டாவது வராவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தால் குழாய் பிரிவையே மூட வேண்டும். விமலனுக்கும் வேலை போகும். அவள் இருபத்திரண்டு ஆண்டு செய்த வேலை, செய்த இடமே இல்லாமல் போகும்.

மறுநாள் மையத்தின் கார் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து என்னை அழைத்துப்போனது. ஐந்து மாடி நான் இறங்கிவரும் வரை ஓட்டுநர் பொறுமையாகக் காத்திருந்தார். டத்தோவின் அறையில் எனக்குக் குடிக்கச் சூடாக மைலோ கொடுத்தார்கள். முதல் முறையாக டத்தோ என்னை அண்ணே என்று கூப்பிட்டார்.

"அந்த டின் ஸ்டெப்பைச் சேர்த்துடலாம், அண்ணே. இன்னிக்கே சேர்த்துடலாம். நான் எப்பவும் அதுக்கு எதிர்ப்பு இல்ல. பாரம்தான் சரியா வரல."

பத்து மாதம் நகராத படிவம் அன்று ஒரே பிற்பகலில் நகர்ந்தது. சிவமலர் மேசைக்கு எதிரில் நான், பக்கத்தில் விமலன். அவர் ஒவ்வொரு கட்டமாகப் படித்து முத்திரை குத்திக்கொண்டே வந்தார். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினாறாம் கட்டத்திலும் முத்திரை விழுந்தது. இன்னும் ஒன்றுதான், கலா என்று மனதுக்குள் சொன்னேன்.

சிவமலர் கடைசிக் கட்டத்தைப் படித்தார். இதுவரை யாரும் படித்திராத கட்டம்.

"முக்கிய அளவுகள். ஈரத் துணி." தலையைத் தூக்கிப் பார்த்தார். "எவ்வளவு ஈரம், அங்கிள்?"

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இதுவும் ஒரு சாக்கு என்று நினைத்தேன். விமலனைப் பார்த்தேன். அவன் என் பக்கம் பேசவில்லை.

"இவங்க கேக்குறது சரிதான், அங்கிள். போன வாரம் நானே ஒரு டின் வாங்கி, யாருக்கும் சொல்லாம நாலு குழாய் வச்சுப் பார்த்தேன். துணி ரொம்ப ஈரமா இருந்தா கோட்டிங் வழுக்கிக் கீழ ஓடிடுது. ஈரம் கம்மியா இருந்தா பழையபடி வெடிக்குது. நடுவுல எங்கயோ ஒரு அளவு இருக்கு. ஆன்டிக்கு எல்லாம் சரியா வரவே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் ஒன்னொன்னா தேடிப் பார்த்தா, ஒரு தடவை வச்சு, காய்ஞ்சு, சுட்டு எடுக்கவே நாலு நாளு. டிசம்பர் போயிடும்." என் பக்கம் திரும்பி, "ஆன்டி உங்ககிட்ட சொல்லியிருப்பாங்களே. வீட்டுல எல்லாம் சொல்லுவேன்னு சொல்லுவாங்க" என்றான்.

சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. என்ன சொன்னாள் என்பதுதான் நினைவில்லை.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அவகாசம் கேட்பது எனக்குப் பழக்கமான விஷயம்.

வீட்டுக்கு வந்து கோப்புகளை எடுத்தேன். என் வாழ்க்கையில் எது எப்போது நடந்தது என்று தெரிய வேண்டுமானால் கடிதங்களைத்தான் பார்க்க வேண்டும். லிஃப்ட் கோப்பு, நாற்பத்தேழாவது கடிதம். அதற்கு மட்டும் இரண்டு நகல் இருந்தது. ஒன்று சுத்தமானது. இன்னொன்று பாழான தாள். அதில் மூன்றாவது வரியின் நடுவில் மை கரைந்து, இரண்டு வட்டமாகப் பரவியிருந்தது.

அதைப் பார்த்ததும் அந்த மாலை வந்தது. நான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறைத் தண்ணீர்க் குழாயடியிலிருந்து காக்கித் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு என்று நினைக்கிறேன். குரலில் இருந்தது. கண்டுபிடிச்சிட்டேங்க என்றாள். துணியை என் முன்னால் நீட்டினாள். இரண்டு சொட்டுத் தண்ணீர் கடிதத்தில் விழுந்தது.

"சொட்டுது பாரு. லெட்டர் நனையுது" என்று அதட்டினேன்.

அவள் திரும்பிப் போனாள். துணியைப் பிழியும் சத்தம் கேட்டது. மறுபடி வந்து நின்றாள்.

"இப்பப் பாருங்க. இந்த அளவுதான். இதுக்கு மேலயும் கூடாது, கீழயும் கூடாது."

நான் "ம்" என்றேன். புதுத் தாளில் முதல் வரியிலிருந்து மறுபடி எழுதிக்கொண்டிருந்தேன். ஐயா, எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கி தொடர்பாக. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு துணியை மடித்து ஒரு பையில் போட்டுக்கொண்டாள்.

ஆக எனக்குத் தெரிந்தது தவறான அளவு ஒன்றுதான். சரியான அளவு என் கண்ணுக்கு ஒரு முழத் தூரத்தில், அவள் கையில் இருந்தது.

மறுநாள் படிவத்தின் பதினேழாம் கட்டத்தில் இவ்வாறு எழுதினேன்: "சொட்டும் அளவுக்கு ஈரம் அல்ல, அதைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்பது தொடர்பாளருக்கு நேரில் காட்டப்பட்டது. தொடர்பாளர் பார்க்கவில்லை."

அதை விமலனிடம் கொடுத்தேன். டிசம்பர் முழுவதும் அவன் துணியை நனைத்தும் பிழிந்தும் பார்த்தான். ஏழு முறை. ஏழாவது முறை ஒரே ஒரு குழாய் வெடிக்காமல் வந்தது. எட்டு வேண்டியிருந்தது. ஜனவரியில் குழாய் பிரிவை மூடினார்கள். மூடுவிழாவிலும் டத்தோ பேசியிருக்கிறார், நான் போகவில்லை. விமலன் இப்போது அம்பாங்கில் ஒரு கடையில் ஏர்கான் பழுது பார்க்கிறான். வெடிக்காத அந்த ஒரு குழாயை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். சந்திரகலாவின் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பிப்ரவரியில் படிவம் தபாலில் திரும்பி வந்தது. பிரிவே இல்லாத ஒரு செயல்முறைக்கு அவர்கள் பதில் அனுப்பியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. பதினாறு கட்டங்களிலும் முத்திரை இருந்தது. பதினேழாம் கட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் திருமதி சிவமலரின் கையெழுத்தில் ஒரு கேள்வி, வழக்கமாகக் கேட்பதுதான், குற்றம் சொல்லும் எண்ணம் அதில் இருந்ததாகத் தெரியவில்லை.

"அவ்வேளையில் தொடர்பாளர் எங்கே இருந்தார்?"

அன்றே பதில் எழுதினேன். ஐயா, அம்மையீர், பொருள், பார்வை எதுவும் போடவில்லை. ஒரே வரி.

எதிர் நாற்காலியில்.

நகல் எடுக்கவில்லை.